அண்ணி எடுத்த பாடம்

நர்சிங் பள்ளியின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒருத்திக்குத்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆகவே அவளுக்கு எல்லாம் தெரியும் என்று முடிவாயிற்று. அவளைக் கேட்டுச் செய்த முடிவல்ல. வகுப்பே அவளை அண்ணி என்று கூப்பிட்டது. டியூட்டர் மிஸ்ஸும் அப்படியே கூப்பிட்டார். அண்ணியைவிட அவருக்குப் பத்து வயது அதிகம். அதனால் என்ன, படிப்பு வேறு, அனுபவம் வேறு.

டியூட்டர் மிஸ் கெட்டிக்காரர். அவர் இதயத்தை நடத்தினால் கடைசி பெஞ்சுக்கும் நாடி துடிக்கும். சிறுநீரகத்தை நடத்திய அன்று வகுப்பே தண்ணீர் குடிக்கப் போனது. இனப்பெருக்க மண்டலம் வந்தால் மட்டும் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். வருடா வருடம் அதே பாடம், அதே தொண்டை. வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார். இந்த வருடம் கடவுளாகப் பார்த்து, பிள்ளை பெற்ற ஒரு மாணவியையே அனுப்பிவைத்திருந்தார்.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. நான் நின்னு இதைச் சொன்னா நல்லாவா இருக்கும்? நீ ஒரு செமினார் மாதிரி எடுத்துடு அண்ணி. உனக்குத் தெரியாததா?" என்றார்.

உனக்குத் தெரியாததா என்று கேட்டுவிட்ட பிறகு தெரியாது என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அண்ணிக்கு அது இல்லை. வகுப்பில் அவளுக்கு இருந்த ஒரே மரியாதை தாலி கட்டியதால் வந்த மரியாதை. அதையும் இழக்க அவள் தயாராக இல்லை. சரி மிஸ் என்றாள்.

பிறகுதான் நூலகத்துக்கு ஓடினாள். புத்தகம் இருந்தது. அந்தப் படம் இருந்த பக்கத்தை யாரோ புண்ணியவான் எதிர்ப் பக்கத்தோடு பசை வைத்து ஒட்டியிருந்தார். நகத்தால் பிரித்தால் படம் கிழிந்து இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதியாகப் போனது. செய்முறை அறையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை படுத்திருந்தாள். அவளுக்குக் கண் இமைக்கும், கையில் நாடிகூட அடிக்கும். இடுப்புக்குக் கீழே பொருத்த வேண்டிய பாகத்தை மட்டும் பிரின்சிபால் தன் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாதே. பாகம் கழன்ற இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. யூரின் டியூப் போடும் செய்முறைத் தேர்வை முதல் ஆண்டில் அந்த ஓட்டையில்தான் எல்லோரும் செய்தார்கள். விட்டார்கள், போனது. எல்லோரும் பாஸ்.

சொந்த உடம்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அண்ணி குழந்தை பெற்றபோது அவள் இடுப்புக்குக் குறுக்கே ஒரு பச்சைத் துணி தொங்கியது. துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர், நர்ஸ், துப்புரவு அம்மாள், வேடிக்கை பார்க்க வந்த பயிற்சி டாக்டர்கள் என்று ஊரே நின்றது. இந்தப் பக்கம் அண்ணி மட்டும். அந்த இடத்தைப் பார்க்காத ஒரே ஆள் அதன் சொந்தக்காரி.

ஆக, பாடம் எடுத்தாள். கருப்பை, சினைப்பை, சினைக்குழாய் எல்லாம் கரும்பலகையில் அழகாக வந்தன. உள்ளே இருப்பதைப் படம் போட யாருக்கும் வெட்கமில்லை. வெளிவாசலுக்கு வந்தபோது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு வட்டம் போட்டாள்.

வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கேள்வி முடியும் முன் பதில் சொல்கிறவள், பதில் முடியும் முன் அடுத்த கேள்வி கேட்கிறவள். அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்து, கூப்பிட நீளமாக இருக்கிறதென்று முந்திரி ஆக்கியிருந்தார்கள். அவள் எழுந்து, யூரினும் அதே வழிதானா அண்ணி என்று கேட்டாள்.

அண்ணி ஒரு கணம் யோசித்தாள். ஆணுக்கு இரண்டு வேலைக்கும் ஒரே வழிதான். அது அவளுக்குத் தெரியும். பெண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு வாசல் வைத்துக் கட்ட யார் அவ்வளவு மெனக்கெட்டிருக்கப் போகிறார்கள்?

"ஒரே வாசல்தான். வேலைதான் வேற வேற," என்றாள்.

வகுப்பு எழுதிக்கொண்டது. கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்த டியூட்டர் மிஸ் குனிந்தபடியே தலையாட்டினார்.

பாடம் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. பரீட்சையில் முழு மதிப்பெண்ணும் வந்திருக்கும். ஆனால் அந்த மாதமே அண்ணியின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

மாமியாருக்கு மருமகளின் படிப்பு பிடிக்காது. ஊரார் பீ மூத்திரம் அள்ள ஒரு படிப்பா, அதை வீட்டிலேயே அள்ளலாமே என்பது அவள் கட்சி. ஆனாலும் பேரனைப் பார்த்துக்கொண்டாள். திட்டிக்கொண்டே சோறூட்டி, திட்டிக்கொண்டே தூங்கவைத்தாள். அவள் வாய் ஓயாததால்தான் மருமகளின் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பள்ளியை ஒட்டிய ஆஸ்பத்திரியிலேயே அவளைச் சேர்த்தார்கள். முதுகில் மரப்பு ஊசி போட்டு, எலும்பில் தகடு வைத்து, நல்லபடியாகத் தைத்து முடித்தார் எலும்பு டாக்டர். மறுநாள் காலைவரை மாமியாருக்குச் சிறுநீர் போகவில்லை. மரப்பு ஊசிக்குப் பிறகு சிலருக்கு அப்படி ஆகும். டியூப் போடுங்கள் என்று டாக்டர் எழுதிவிட்டுப் போனார்.

வார்டு சிஸ்டருக்கு அன்று தலைக்கு மேல் வேலை. பயிற்சிக்கு வந்திருந்த மாணவிகளில் யார் போடுகிறீர்கள் என்று கேட்டார். கேட்டு முடிக்கவில்லை, முந்திரி கையைத் தூக்கிவிட்டாள். அண்ணி அப்போது குழந்தைகள் வார்டில் இருந்தாள். அவளுக்குத் தெரியாது.

முந்திரியைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் புத்தகப்படி செய்தாள். திரை இழுத்தாள். என்ன செய்யப் போகிறேன் என்று நோயாளியிடம் சொன்னாள். கை கழுவினாள். கிருமி நீக்கிய கையுறையை விரல் படாமல் மாட்டினாள். துணி விரித்தாள், துடைத்தாள், களிம்பு தடவினாள். தேர்வில் இதற்கெல்லாம் தனித்தனி மதிப்பெண். இடம் ஒன்றுதான் தப்பு. அதற்குத் தேர்வில் மதிப்பெண்ணே கிடையாது, ஏனென்றால் பொம்மையில் இடம் ஒன்றுதான். டியூட்டர் மிஸ் மேற்பார்வை செய்தார். திரைக்கு வெளியே நின்று செய்தார். போச்சா என்று கேட்டார். போச்சு மிஸ் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கையெழுத்துப் போட்டார்.

டியூப் முனையில் மாட்டிய பையில் ஒரு சொட்டு வரவில்லை.

காத்திருந்தார்கள். அப்போதும் வரவில்லை. சிஸ்டர் டாக்டரிடம் சொன்னார். எலும்பு டாக்டர் வந்து பையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மாமியார் முகத்தைக்கூடப் பார்த்தார். போர்வையைத் தூக்கிப் பார்ப்பது அவர் துறையில் வராது. அவர் கிட்னி டாக்டருக்குப் போன் போட்டார். கிட்னி டாக்டர் வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டே நோயைக் கண்டுபிடித்தார். டியூப் போட்டாயிற்று, சிறுநீர் வரவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கிட்னி நின்றுவிட்டது. டிரிப்ஸை வேகமாக விட்டு, சிறுநீர் பெருக்கும் ஊசி போடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் டயாலிஸிஸுக்கு என்னிடம் அனுப்புங்கள் என்றார்.

ஊசி போட்டார்கள். கிட்னிக்கு ஒரு குறையும் இல்லாததால் அது டாக்டர் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டது. மடமடவென்று சிறுநீரைச் சுரந்தது. சுரந்தது பையில் அல்ல, மாமியாரின் வயிற்றில் சேர்ந்தது.

மாமியார் கத்த ஆரம்பித்தாள். ஒன்றுக்கு முட்டுகிறது என்றாள். சிஸ்டர் வந்து, டியூப் இருப்பதால் அப்படித் தோன்றும், உங்களுக்குச் சிறுநீரே இல்லை என்று பொறுமையாக விளக்கினார். டியூட்டர் மிஸ்ஸும் விளக்கினார். மாமியார் நம்பவில்லை. படிக்காதவள்.

அண்ணியின் கணவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்துகொண்டிருந்தான். தேவைப்பட்டால் என் கிட்னியில் ஒன்றைக் கொடுப்பேன் என்று ஒரு சித்தப்பாவிடம் குரல் தழுதழுக்கச் சொன்னான். போனை வைத்துவிட்டு, எடுக்கும்போது வலிக்குமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டான்.

அவன்தான் அண்ணிக்கும் சொல்லி அனுப்பினான். அவள் ஓடி வந்தபோது ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. நேற்று தகடு வைத்த இடுப்போடு, நல்ல கிட்னி இரண்டோடு, மாமியார் டயாலிஸிஸுக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

மாமியாரின் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. மருமகளைப் பார்த்ததும் குரலை இறக்கினாள்.

"எனக்கு வருதுன்றேன், வரலன்றாங்க. வர்றது எனக்கா இவங்களுக்கா?"

முதல் ஆண்டின் முதல் பாடம், நோயாளி சொல்வதைக் கேள், பிறகு தொட்டுப் பார். அண்ணி அவள் தொப்புளுக்குக் கீழே கையை வைத்தாள். கவிழ்த்து வைத்த கலயம்போலக் கெட்டியாக ஒன்று உருண்டு நின்றது. லேசாக அழுத்தியதும் மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறது. நிரம்பிய பைக்குள் டியூப் இருந்தால் வெளியே ஓடியிருக்கும். ஓடவில்லை. அப்படியானால் டியூப் பைக்குள் இல்லை. பின்னே எங்கே இருக்கிறது?

யார் போட்டது என்று கேட்டாள். கட்டிலின் கால்மாட்டில் முந்திரி நின்றுகொண்டிருந்தாள். வழக்கத்துக்கு மாறாகக் கேள்வி முடியும்வரை காத்திருந்து, நான்தான் அண்ணி என்றாள். நீங்க சொன்ன இடத்துலதான் போட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அண்ணிக்குக் கரும்பலகையில் தான் போட்ட வட்டம் நினைவுக்கு வந்தது.

முதலில் டாக்டரிடம் போனாள். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறது, டியூப் இடம் மாறியிருக்கலாம் சார் என்றாள். யார் போட்டது என்று கேட்டார். மாணவி. மேற்பார்வை? டியூட்டர். டியூட்டர் மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார். என் மாணவிகள் தப்பாகப் போட மாட்டார்கள் சார், என் எதிரில்தான் போட்டாள் என்றார் மிஸ். நடுவில் ஒரு திரை இருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் அண்ணியிடம் திரும்பி, மாமியார் என்பதால் பதறுகிறீர்கள், நம்பிக்கையோடு இருங்கள் என்று ஆறுதல் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸுக்கு மறுபடி போன் செய்தார்.

அண்ணி திரும்பி வந்தாள். சிஸ்டரிடம் புது டியூப்பும் பையும் கேட்டாள். சிஸ்டர் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தார். எதற்கு என்று கேட்டால் பொறுப்பு தன் தலையில் விழும். கேட்காமல் டிரேயைத் தந்தார்.

திரையை இழுத்தாள். இனிதான் பெரிய மலை.

"அத்தை, போர்வையை எடுக்கணும். நான் பாக்கணும்."

"நீயா? மருமக பாக்கற இடமா அது? அதுக்கு நான் கிட்னி இல்லாமயே போய்ச் சேர்றேன்."

"கிட்னி நல்லாத்தான் இருக்கு. டியூப்தான் தப்பா இருக்கு."

"அப்ப போட்டவளையே கூப்பிடு."

"அவளுக்கு இடம் தெரியாது."

"உனக்குத் தெரியுமா?"

அண்ணி வாயைத் திறந்தாள். தெரியும் என்று சொல்வது பழகிப்போன வாய். "தெரியாது அத்தை. பாத்தாதான் தெரியும்," என்றாள்.

மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். வயிற்றில் அலைபோல ஒரு வலி வந்து போனது. அண்ணி இன்னும் கிட்டத்தில் குனிந்தாள்.

"ஆம்புலன்ஸ்ல போனா அங்கயும் யாராவது பாக்கத்தான் போறாங்க. ஆம்பளயாக்கூட இருக்கலாம்."

"மிரட்டறியாடி?"

"ஆமா."

மாமியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சம்மதம் என்று அர்த்தம். அந்த வீட்டில் எல்லாச் சம்மதமும் சுவரைப் பார்த்துத்தான் வரும்.

அண்ணி போர்வையை விலக்கினாள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் காலை அசைக்காமல், தலையணை வைத்துத் தாங்கி, மற்றக் காலை மட்டும் மெல்ல மடக்கி விலக்கினாள். கைபேசி விளக்கைக் கட்டில் கம்பியில் சாய்த்து வைத்தாள். பார்த்தாள்.

டியூப் இருந்தது. அவள் கரும்பலகையில் போட்ட முதல் வட்டத்துக்குள், அவள் சொன்னபடியே, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அது பிள்ளை வரும் வழி. மாமியார் மூன்று பிள்ளைகளை அனுப்பிய வழி. அங்கே ஆயுள் முழுக்க டியூப் கிடந்தாலும் சிறுநீர் வராது.

முதலில் அதை உருவிப்போடத்தான் கை போனது. பாதியில் நின்றது. உருவிவிட்டால் அவளும் கண்ணைக் கட்டிக் காட்டில் விடப்பட்டவள்தான். அது கிடக்கட்டும். எது எங்கே என்று தெரியாத ஊரில் இது இல்லை என்று தெரிந்த ஒரு தெருவாவது இருக்கட்டும். தப்பான டியூப்பை அப்படியே விட்டுவிட்டு, கையுறை மாட்டி, அதற்கு மேலே மடிப்பை இரண்டு விரலால் விலக்கி, துடைத்து, குனிந்து தேடினாள்.

வயதான உடம்பு. எல்லாம் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஒரு மடிப்பைப் பார்த்து இதுதான் என்று நினைத்தாள், இல்லை. இன்னும் கீழே, முதல் டியூப்புக்குச் சற்று மேலே, இமையோரத்தில் இருக்கும் கண்ணீர்த் துளைபோல ஒரு சின்னப் பள்ளம். அவ்வளவுதான். அவள் படத்தில் இல்லாத வாசல் அதுதான். உடம்பு அவள் படத்தைப் பார்த்து வரையப்பட்டதல்ல.

"அத்தை, மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

மாமியார் விட்டாள். டியூப் நுனி பள்ளத்தில் தயங்கி, பிறகு வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்சம் போனது. இன்னும் கொஞ்சம். டியூப் முழுக்க மஞ்சளாகி, பைக்குள் சளசளவென்று விழுந்தது.

மாமியாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது வார்த்தை இல்லை. முறுக்கிய கயிறு பிரிவதுபோல உடம்பு தளர்ந்தது. பை நிறைந்துகொண்டே போனது. நின்றுபோன கிட்னிக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

அண்ணி டியூப்பின் பலூனில் தண்ணீர் ஏற்றி, நழுவாமல் நிறுத்தி, தொடையில் ஒட்டினாள். முதல் டியூப்பை இன்னும் எடுக்கவில்லை. போர்வையைச் சரிசெய்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன் அத்தை. வகுப்புக்கே நான்தான். தப்பா சொல்லிக்கொடுத்துட்டேன்."

மாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"தனித்தனியா இருக்குன்னு எனக்கே தெரியாது," என்றாள். "மூணு பெத்திருக்கேன்." பிறகு குரல் பழைய இடத்துக்கு வந்தது. "எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்த?"

"முழு வகுப்புக்கும்."

"நல்லா விளங்கும். போ, அந்தப் பொண்ணைக் கூப்பிடு. ரெண்டு டியூப்பும் இருக்கும்போதே பாத்துட்டுப் போகட்டும். இல்லன்னா நாளைக்கு இன்னொருத்தி கிட்னியை நிறுத்துவா."

அண்ணி நம்பாமல் பார்த்தாள். மருமகளே பார்க்கக் கூடாது என்றவள்.

"என்ன முழிக்கிற? நான் மனசு மாறறதுக்குள்ள கூப்பிடு."

முந்திரி உள்ளே வந்தாள். அழுது மூக்கு சிவந்திருந்தது. அண்ணி விளக்கைக் காட்டினாள். விரலால் தொடாமல் காட்டினாள், இது இது, இது அது. முந்திரி வாயைத் திறந்தவள் மூடவில்லை. கேள்வி ஒன்றும் வரவில்லை. அவள் கேள்வி கேட்காத முதல் பாடம் அது.

திரை அசைந்தது. வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த டியூட்டர் மிஸ் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். நடந்ததை வெளியே சொல்ல வேண்டாம், பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று சொல்லத்தான் வந்திருந்தார். அதைத் தாழ்ந்த குரலில் சொன்னார். சொல்லும்போதே கண் அவரைக் கேட்காமல் விளக்கு வெளிச்சத்தின் பக்கம் போனது. பேச்சு பாதியில் நின்றது. போகவும் இல்லை. திரையின் ஓரத்தை விரலால் முறுக்கிக்கொண்டே நின்றார்.

மாமியார் கூரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"வெளிய நின்னு என்னத்தப் பாக்கறீங்க மிஸ்? உள்ள வாங்க. ஆனா இதுதான் கடைசி ஷோ. அப்புறம் போர்வையைப் போடச் சொல்லிடுவேன்."

டியூட்டர் மிஸ் உள்ளே வந்தார். அண்ணிக்குப் பக்கத்தில் குனிந்தார். திரைக்கு வெளியே, சிறுநீர் வந்ததைக் கேள்விப்பட்ட எலும்பு டாக்டர் ஆம்புலன்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தான் போட்ட ஊசி கிட்னியை எப்படித் தட்டி எழுப்பியது என்று கணவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கணவன் தன் கிட்னி தப்பிய சந்தோஷத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் டாக்டர் என்றான்.

உள்ளே, டியூட்டர் மிஸ் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப மேல இருக்கறது," என்று ஆரம்பித்தார். தொண்டை கட்டியது. செருமிக்கொண்டார். "மேல இருக்கறது எதுன்னு இன்னொரு தடவை சொல்லு," என்றார்.

அண்ணி சொன்னாள்.